குதிரை டிரெய்லரும் பிக்கப்பும்: முன்பாரம் மறந்தவர் செய்யும் தவறுகள்

சென்ற மாதம் கடலூரிலிருந்து ஓர் இளைஞர் பாகூர் பக்கம் இருக்கும் என் லாயத்துக்கு வந்தார். புத்தம் புதிய நான்கு கதவு பிக்கப். அதன் பின்னால் இரண்டு குதிரைகளோடு ஒரு டிரெய்லர். பிக்கப்பின் பின்புறம் தரையை முகர்ந்துகொண்டிருந்தது. "3,500 கிலோ இழுக்கும் அண்ணா, வீடியோவில் பார்த்தேன்" என்றார். ஒரு காலத்தில் நானும் இதே எண்ணைச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன். டயர் காற்று, பின் விளக்கு பற்றியெல்லாம் சொல்லப்போவதில்லை. அதைக்கூடப் பார்க்காதவர் குதிரை வளர்க்க வேண்டாம்.

விளம்பர எண்ணை நம்புவது

மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவது என்பார்களே, அது இதுதான். 3,500 கிலோ என்பது ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் விற்கும் சில பிக்கப்களுக்குத் தரப்படும் அளவு. டிரெய்லருக்குச் சொந்த பிரேக் இருந்தால் மட்டுமே அந்த எண் செல்லும். பிரேக் இல்லாவிட்டால் அதே வண்டிக்கு 750 கிலோதான். இங்கே விற்கும் வண்டிக்கும் அதே பெயர் இருக்கலாம். அதே அளவு பொருந்துமா என்பதை உங்கள் வண்டியின் கையேட்டில்தான் பார்க்க வேண்டும்.

அந்த எண் சரியாகவே இருந்தாலும் இன்னொரு கணக்கு பாக்கி இருக்கிறது. மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு அது தெரியும். முன்பாரம் ஏறினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கிக்கொண்டு மாட்டின் தொண்டையை இறுக்கும். டிரெய்லரும் அப்படித்தான். அதன் மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு பிக்கப்பின் கொக்கி மேல் முன்பாரமாக உட்கார வேண்டும். உட்காரும் அந்த எடை, பிக்கப் தன் முதுகில் சுமக்கும் சரக்குக் கணக்கில் சேரும். இதைத்தான் யாரும் கூட்டுவதில்லை.

நானும் கூட்டவில்லை. டிரெய்லர் 1,050 கிலோ, பெண் குதிரை 430, ஆண் குதிரை 520, மொத்தம் 2,000. இன்னும் ஒன்றரை டன் மிச்சம் என்று மார்தட்டினேன். என் வண்டியின் பதிவுச் சான்றிதழில் வெற்று எடை 1,950, மொத்த எடை 2,650 என்று இருந்தது. ஆக, வண்டி சுமக்கக்கூடியது 700 கிலோ. நாங்கள் நான்கு பேர், 280. இருநூறு லிட்டர் தண்ணீர்ப் பீப்பாய், 200. தீவன மூட்டை இரண்டு, 100. சேணம், கயிறு, சமையல் சாமான், 70. இதுவே 650 ஆகிவிட்டது. அதன் மேல் முன்பாரம் 260.

பெங்களூரிலிருந்து திரும்பி வருகிறோம். செஞ்சியைத் தாண்டியபோது நள்ளிரவு. ஹெட்லைட் வெளிச்சம் சாலையில் விழாமல் பனை மரத்தின் உச்சியில் விழுந்துகொண்டிருந்தது. எதிரே வந்தவர்கள் எல்லாரும் விளக்கை அடித்து அடித்துக் காட்டினார்கள். ஸ்டியரிங் வெண்ணெய் போல இருக்கிறது என்று பெருமை வேறு. பின்புறம் அமுங்கி முன் சக்கரங்கள் தரையை விட்டுக்கொண்டிருப்பதற்கு அது அடையாளம் என்று அப்போது தெரியாது. ஒரு லாரி முந்தியது. அதன் காற்றில் டிரெய்லர் ஆடியது. நான் பிரேக்கை மிதித்தேன். ஆட்டம் வந்தால் ஆக்சிலரேட்டரை மெல்ல விட்டு ஸ்டியரிங்கை நேராகப் பிடிக்க வேண்டும். பிரேக்கை மிதித்தால் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும். தள்ளியது. சாலையோரப் பள்ளத்தில் போய் நின்றோம். பெண் குதிரையின் பின்காலில் தோல் உரிந்தது, எனக்கு ஸ்பிரிங் பட்டைகள் போயின. அதற்குப் பிறகு நான்கு ஆண்டுகள் அந்தக் குதிரை எந்தச் சாய்பலகையிலும் கால் வைக்கவில்லை.

இன்றும் எரிச்சல் மூட்டுவது, பட்டறையில் கிடைத்த அறிவுரை: "இன்னும் ரெண்டு பட்டை போட்டால் சரியாகிவிடும்." பட்டை போட்டால் வண்டி நிமிரும், அவ்வளவுதான். பிரேக்கும் அச்சும் டயரும் பழையவைதானே! முன்பாரத்தைக் குறைக்கிறேன் என்று பீப்பாயை டிரெய்லரின் பின்கோடியில் ஏற்றுகிறவர்கள் இன்னும் மோசம். பின்பாரம் ஏறிய டிரெய்லர் தானாகவே ஆடத் தொடங்கும்.

வழி எளிது. எடைமேடைக்குப் போங்கள். கரும்பு அரவைக் காலத்தில் நெல்லிக்குப்பம் பக்கம் வேண்டாம், டிராக்டர் வரிசையில் பொழுது போய்விடும். முதலில் ஆட்களும் சாமானும் உள்ளபடி பிக்கப்பை மட்டும் ஏற்றி ஓர் எடைச் சீட்டு. பிறகு குதிரைகள் ஏறிய டிரெய்லரைப் பூட்டி, பிக்கப்பின் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்க இன்னொரு சீட்டு; இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முன்பாரம். கடைசியாகப் பூட்டியபடியே முழுவதும் மேடையில் ஏறினால் மூன்றாவது சீட்டு. அதில் முதல் சீட்டைக் கழித்தால் டிரெய்லரின் எடை. இரண்டாவது சீட்டு பதிவுச் சான்றிதழின் மொத்த எடையைத் தாண்டினால் கிளம்பாதீர்கள்.

பிரேக் இல்லாத டிரெய்லர்

வாங்காதீர்கள். என் முதல் டிரெய்லரில் இல்லை. செஞ்சிக் கதையில் பாதி அதனால்தான்.

ஒற்றைக் குதிரையை இடப்பக்கம் ஏற்றுவது

அமெரிக்க வீடியோக்களைப் பார்த்து வரும் தவறு. அங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடுகின்றன. நம் சாலை நடுவில் உயர்ந்து இடப்பக்கம் சரிகிறது. ஆகவே ஒற்றைக் குதிரையோ, இரண்டில் கனமானதோ, வலப்பக்கம்தான் நிற்க வேண்டும்.

பந்தும் குவளையும்

டிரெய்லரின் முனையில் உள்ள 50 மி.மீ. குவளைக்கு, பிக்கப்பின் கொக்கியில் 50 மி.மீ. பந்து. "ஏறக்குறைய" பொருந்துவது பொருந்தாதது.

தரைப்பலகை

குதிரை மூத்திரம் பலகையைத் தின்னும். நம் ஊரின் உப்புக் காற்று அடியிலுள்ள இரும்பைத் தின்னும். மாதம் ஒரு முறை ரப்பர் விரிப்பைத் தூக்கி ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் பலகையை மாற்றுங்கள்.

சான்றிதழ்

குதிரை பயணத்துக்குத் தகுதியாக இருக்கிறது என்ற கால்நடை மருத்துவரின் சான்று, 1978-ஆம் ஆண்டு விலங்குகள் போக்குவரத்து விதிகளின்படி கட்டாயம்.

அந்த இளைஞரைக் கடலூர் சாலையில் உள்ள எடைமேடைக்கு அழைத்துப் போனேன். அவருடைய டிரெய்லரில் பிரேக் இருந்தது, நல்லவேளை. இரண்டாவது சீட்டைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது. லாயத்துக்குத் திரும்பி வந்து பீப்பாய்த் தண்ணீரைத் தென்னைக்கு ஊற்றினார். ஒரு குதிரையை இறக்கிக் கட்டிவிட்டு, அடுத்த வாரம் வந்து அழைத்துப்போவதாகச் சொல்லிக் கிளம்பினார். அது இன்னும் இங்கேதான் தின்றுகொண்டிருக்கிறது.