ஹார்மோன் மருத்துவரைப் பார்க்கப் போகுமுன்
எனக்குத் தைராய்டு, அம்மாவுக்குச் சர்க்கரையோடு எலும்பு அடர்த்திக் குறைவும். ஃபைலைத் தேதிவாரியாக அடுக்குவது என் வேலை. எலும்பு அடர்த்தியை அளக்கும் பழைய டெக்ஸா ஸ்கேன் அறிக்கையை விட்டுவிடாதீர்கள். அதில் உள்ள டி-ஸ்கோர் என்ற அளவு -2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு மெலிவு நோய். எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை கடந்த 2, 3 மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும், முந்தின நாள் மட்டும் பத்தியம் இருந்து ஏமாற்ற முடியாது (அம்மா முயன்று பார்த்தார்!).

அப்புறம் மாத்திரைப் பட்டியல், இதுதான் முக்கியம். முடிக்காகச் சாப்பிடும் பயோட்டின் என்ற வைட்டமினையும் எழுதுங்கள். தைராய்டு பரிசோதனை முடிவையே அது மாற்றிக் காட்டலாம். எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்று பரிசோதனைக்கு முன்பே கேளுங்கள். தைராய்டு மாத்திரையான தைராக்சினுக்கும் கால்சியம் மாத்திரைக்கும் இடையே 4 மணி நேரமாவது விடுங்கள். மூட்டுவலிக்கோ மூச்சிரைப்புக்கோ ஸ்டீராய்டு எடுத்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். அது சர்க்கரையை ஏற்றும், நாள்பட எடுத்தால் எலும்பையும் பலவீனமாக்கும்.