அகதிக் கேஸுக்கு உதவப் போய்க் கெடுத்துவிடாதீர்கள்

இலண்டனுக்குப் புதிதாக வந்து தஞ்சம் கேட்டவர்களுக்கு உதவும்போது நம்மவர்கள் செய்கிற பெரிய தவறு, அவர்களுடைய கதையைத் திருத்தி எழுதுவது. "எப்ப தம்பி பிடிச்சவங்கள்?" என்று கேட்டால், "நல்லூர்க் கொடியேற்றத்துக்கு ஒரு கிழமை முந்தி அண்ணா" என்பார். நாங்கள் கலண்டரில் அந்த யாழ்ப்பாணக் கோயில் திருவிழாவைப் பார்த்து ஒரு திகதியைப் போட்டுவிடுவோம். பல மாதம் கழித்து, தஞ்சக் கேஸை முடிவு செய்கிற அரச திணைக்களமான ஹோம் ஆபிஸின் இன்டர்வியூவில் அவர் வேறொரு திகதி சொல்ல, நிராகரிப்புக் கடிதத்தில் அந்த முரண்பாட்டைத்தான் பிடித்துக்கொள்வார்கள். அவர் சொன்னது உண்மை, நாங்கள் எழுதியதுதான் பிழை. கொடியேற்றம் என்றால் கொடியேற்றம் என்றே எழுதுங்கள், நினைவில்லை என்றால் நினைவில்லை. வென்ற கேஸ் ஒன்றைப் பார்த்து நாலு வரி சேர்ப்பது இதைவிட மோசம், தயவுசெய்து செய்யாதீர்கள்.

வந்த களைப்பில் கொடுத்த ஸ்கிரீனிங் இன்டர்வியூவின் (முதலில் நடக்கிற சின்ன இன்டர்வியூ) பிரதியையும் அவரோடு இருந்து வாசித்துப் பாருங்கள். பிழை இருந்தால் முழுக் கதையையும் கேட்கிற பெரிய இன்டர்வியூவுக்கு முன்பே சொலிசிற்றர் (வழக்கறிஞர்) மூலம் திருத்த வேண்டும்.

மொழிபெயர்ப்பாளரும் தமிழர்தானே என்று விட்டுவிடுகிறோம். நமக்குக் கிழமை என்றால் ஏழு நாள், தமிழ்நாட்டில் வளர்ந்தவருக்கு அது திங்கள், செவ்வாய். "ரெண்டு கிழமை அடைச்சு வச்சிருந்தவங்கள்" என்பது ரெண்டு நாளாகப் பதிவாகிவிடலாம். விளங்காவிட்டால் மரியாதைக்குத் தலையாட்டாமல் அங்கேயே சொல்லச் சொல்லுங்கள். பெண்கள், பெண் அதிகாரியும் பெண் மொழிபெயர்ப்பாளரும் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கலாம். வீட்டு ஆண்களை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போனால் அந்தப் பெண்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லவே மாட்டார்கள்.

சரி, "நான் கேஸ் எழுதித் தாறன்" என்று காசு கேட்பவர்கள்? தகுதியோ பதிவோ இல்லாமல் குடிவரவு ஆலோசனை கொடுப்பது 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், ஓர் அமைப்பு இலவசமாகச் செய்தாலும்கூட. நீங்கள் கூடப் போகலாம், கடிதம் வாசித்துக் காட்டலாம், அவ்வளவுதான். வருமானமில்லாதவருக்குத் தஞ்சக் கேஸுக்கு லீகல் எய்ட் (அரசு செலவில் சட்ட உதவி) இருக்கிறது, அது தெரியாமல் வட்டிக்கு வாங்கிக் கட்டுகிற ஆட்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

நிராகரித்தால், கடிதம் அனுப்பிய நாளிலிருந்து 14 நாளுக்குள் அப்பீல் போட வேண்டும். வீடு மாறினால் ஹோம் ஆபிஸுக்கும் சொலிசிற்றருக்கும் உடனே அறிவியுங்கள். ஒரு பெடியனுடைய கடிதம் பழைய அறையில் மைக்ரோவேவுக்கு மேலே 9 நாள் கிடந்தது. மிச்ச 5 நாளும் அவனோடு சொலிசிற்றர் தேடித்தான் அலைந்தேன்.