நகைச்சுவை எழுத்து: காதுக்கு வேறு, கண்ணுக்கு வேறு

வானொலிக்கு எழுதியதை அப்படியே தொலைக்காட்சிக்குத் தூக்கிக் கொடுப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். “என்ன மாமா, மொட்டை வெயில்ல மழைக்கோட்டு?” வானொலியில் இந்த வரி இல்லாவிட்டால் கோட்டும் இல்லை, வெயிலும் இல்லை. தொலைக்காட்சியில் அதே வரி தண்டம். “என்ன மாமா?” என்றாலே போதும்.

வானொலியில் ஐந்தாறு வசனம் பேசாமல் இருக்கும் பாத்திரம் காணாமல் போய்விடும். ‘உம்’ கொட்டவாவது வையுங்கள். எல்லாக் குரலும் ஒரே மாதிரி இருந்தாலும் ஆபத்து. பேசுவது யார் என்று தேடுவதற்குள் சிரிப்பு கடந்துபோயிருக்கும். இலங்கை வானொலியில் எஸ். ராம்தாஸ் எழுதிய ‘கோமாளிகளின் கும்மாளம்’ இதற்கு நல்ல பாடம். யாழ்ப்பாணத் தமிழ், முஸ்லிம் தமிழ், பிராமணத் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ் என்று ஆளுக்கொரு வழக்கு. வாயைத் திறந்ததுமே ஆள் தெரிந்துவிடும்.

அடுத்தது, சிரிப்புச் சொல் நிற்கும் இடம். “சுத்தியல்தான் உடைஞ்சுதே தவிர, நீ பண்ணின மைசூர்பாக்கு உடையவே இல்ல” என்று எழுதினால் வெடி முன்னாலேயே வெடித்துவிடும், மிச்சமெல்லாம் புகை. “உன் மைசூர்பாக்கை உடைச்சுட்டு வரேன்னு போனேன். உடைஞ்சது சுத்தியல்.” அவ்வளவுதான், அதற்குமேல் ஒரு சொல் வேண்டாம். பார்வையாளர் முன்னிலையில் பதிவு என்றால் அடுத்த வரியில் கதைக்குத் தேவையான தகவலை வைக்காதீர்கள்; சிரிப்பொலி அதை விழுங்கிவிடும்.

ல, ள, ழ வேறுபாட்டில் நிற்கும் சிலேடை தாளில் மட்டுமே பிழைக்கும். நடிகர் ‘பழம்’ என்பதைப் ‘பலம்’ என்று சொன்னால் எழுதியவர் கதி அதோகதி.

நேரத்தைப் பக்கக் கணக்கில் பார்க்க வேண்டாம். கடிகாரம் வைத்து, வேடத்துக்கேற்ற வேகத்தில் உரக்கப் படியுங்கள். 15 நிமிட நிகழ்ச்சிக்கு 13 நிமிடத்தில் முடித்தால் முகப்பிசைக்கும் ஒலிக்குறிப்புக்கும் இடம் கிடைக்கும்.

ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவதுதான் பின்னாளில் அதிகம் வலிக்கும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 19ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்துடன் இருக்க வேண்டும். காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டு என்றே கொள்ளப்படும். அதனால்தான் பல படிவங்களில் ‘நிரந்தரமாக’ என்ற சொல் பொடி எழுத்தில் உட்கார்ந்திருக்கும். மறுஒளிபரப்புக்கும் இணையத்துக்கும் தனித்தொகை உண்டா என்பதைப் பேனாவைத் திறக்கும் முன்பே கேளுங்கள்.