சாய்ந்த பார்க்கிங் கட்டத்தில் ஒரு வடிவியல் பாடம்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் பினாங்கு ஸ்திரீட், கிங் ஸ்திரீட், குயின் ஸ்திரீட் மூன்றும் ஏறக்குறைய இணையாகப் போகின்றன. மார்க்கெட் ஸ்திரீட் அவற்றைக் குறுக்கே வெட்டுகிறது. படிவம் ஒன்றில் (இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டில்) சேர்ந்த அக்காள் மகளுக்கு இணைகோடு சொல்லித்தர முதலில் அந்த வரைபடத்தைத்தான் எடுத்தேன். சரிப்படவில்லை. அங்கே எல்லா வெட்டும் கிட்டத்தட்ட செங்கோணம். எந்தக் கோணம் எதற்குச் சமம் என்று கேட்டால், “எல்லாமே சமம்தானே மாமா” என்கிறாள். அவள் சொன்னதும் சரிதான்!

அப்புறம் சாய்வாகக் கோடு போட்ட கார் பார்க்கிங்குக்குக் கூட்டிப் போனேன். நடைபாதை ஓரம் ஒரே நேர்கோடு. அதிலிருந்து கட்டங்களின் கோடுகள் ஒரே சாய்வில் கிளம்புகின்றன. இணைகோடுகளை ஒரு குறுக்குவெட்டி வெட்டுவது என்றால் இதுதான். இனி வீட்டு மேசையில் செய்வோம். கோடு போட்ட தாள், அடிக்கோல், பாகைமானி, கவராயம், கத்தரிக்கோல் போதும்.

படி 1: எட்டுக் கோணம், இரண்டே எண்

தாளில் அச்சடித்த கோடுகளில் இரண்டின் மேல் அழுத்தி வரையுங்கள். இடையில் நான்கைந்து வரி இடைவெளி இருக்கட்டும். இரண்டையும் வெட்டும்படி, மேல்முனை வலப்பக்கம் சாய்ந்த ஒரு கோடு போடுங்கள். மேல் சந்திப்பில் இடது மேல் மூலையில் தொடங்கி, கடிகாரம் சுற்றும் திசையில் 1, 2, 3, 4 என்று எண்ணிடுங்கள். கீழ்ச் சந்திப்பில் அதே வரிசையில் 5, 6, 7, 8.

2ஆம் கோணத்தை அளந்து பாருங்கள். 65 பாகை வந்தது என்று வைத்துக்கொள்வோம். பாகைமானியை இனி மூடி வைத்துவிடலாம். பக்கத்திலுள்ள 1 ஒரே நேர்கோட்டில் 180க்கு மீதி, ஆகவே 115. எதிரிலுள்ள 4 குத்தெதிர்க் கோணம், 65. அப்படியே 3 என்பது 115. கீழே? மேல் சந்திப்பை அப்படியே குறுக்குவெட்டி வழியாகக் கீழே நகர்த்தினால் கீழ்ச் சந்திப்பின் மேல் பொருந்தி உட்காரும். ஆகவே 6, 8 இரண்டும் 65. 5, 7 இரண்டும் 115.

நகர்த்தினால் பொருந்துபவை ஒத்த கோணங்கள்: 2உம் 6உம். தாளைத் தலைகீழாகத் திருப்பினால் இடம் மாறிக்கொள்பவை ஒன்றுவிட்ட உட்கோணங்கள்: 4உம் 6உம். இணைகோடுகளுக்கு உள்ளே, குறுக்குவெட்டிக்கு ஒரே பக்கத்தில் இருக்கும் 3உம் 6உம் சமமில்லை, கூட்டினால் 180. பள்ளியில் மலாய்மொழியில் படிக்கும் பிள்ளைக்கு இவை முறையே சுடுட் செபாடான், சுடுட் செலாங்-செலி, சுடுட் பெடாலாமான். தமிழில் ஒருமுறை புரிந்துவிட்டால் அங்கே புதிதாகக் கற்க வேண்டியது பெயர் மட்டும்தான்.

எஃப் வடிவம், இசட் வடிவம் தேடு என்று சிலர் சொல்லித் தருவார்கள். படம் கொஞ்சம் சாய்ந்தால் பிள்ளைக்கு அந்த எழுத்து தெரியாது. நகர்த்து, திருப்பு என்பதே என் கட்சி.

ஒன்று கவனியுங்கள். கோடுகள் இணையாக இல்லாவிட்டாலும் ஒத்த கோணம் என்ற பெயர் உண்டு, சமம் என்பதுதான் இராது. கேள்வித்தாளில் கோடுகளின் மேல் இணை என்று காட்டும் அம்புக்குறி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மறுதலையும் உண்மை: ஒத்த கோணங்கள் சமமானால் கோடுகள் இணை. பார்க்கிங்கில் ஒவ்வொரு கோட்டையும் நடைபாதைக்கு ஒரே கோணத்தில் போட்டால் போதும், கட்டங்கள் தாமாக இணையாகிவிடும்.

படி 2: கட்டத்தை வெட்டுவோம்

பார்க்கிங் கட்டம் ஓர் இணைகரம். அதன் மூலைகளுக்கு வரிசையாக க, ச, ட, த என்று பெயர் வைப்போம் (கசடதபற சொல்லிப் பழகியவர்களுக்கு மறக்காது). கச, தட இணை. கத, சட இணை. கவிலிருந்து டவுக்கு மூலைவிட்டம் இழுங்கள்.

இப்போது மூலைவிட்டமே குறுக்குவெட்டி. கச, தட கோடுகளுக்கு அது குறுக்கே போவதால் சகட, தடக கோணங்கள் சமம். சட, கத கோடுகளுக்கும் குறுக்கே போவதால் சடக, தகட கோணங்கள் சமம். நடுவிலுள்ள கட பக்கம் இரண்டு முக்கோணத்துக்கும் பொது. கோணம், இடையில் பக்கம், கோணம்: கோ-ப-கோ விதிப்படி முக்கோணம் கசட, முக்கோணம் டதக இரண்டும் சர்வசமம், அதாவது வடிவமும் அளவும் ஒன்றே. ஆகவே கச = டத, சட = தக. அடிக்கோல் தொடாமலே எதிர்ப்பக்கங்கள் சமம் என்று வந்துவிட்டது.

கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன் இதே வழியில்தான் போனார். அவருடைய ‘எலிமென்ட்ஸ்’ நூலின் முதல் பகுதியில் கோ-ப-கோ 26ஆம் தேற்றத்தில் வருகிறது, ஒன்றுவிட்ட கோணங்கள் 29இல். இரண்டையும் சேர்த்து 34ஆவதில் இந்த இணைகரம்.

சரிபார்க்க, தாளை மூலைவிட்டத்தில் மடிக்காதீர்கள். மடித்தால் பொருந்தாது, பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். வெட்டி, ஒரு துண்டை அரைச்சுற்று திருப்பி மற்றதன் மேல் வையுங்கள். கவின் மேல் ட வந்து உட்காரும். அதனால்தான் ‘கசட, டதக’ என்று அந்த வரிசையில் எழுதினேன். ‘கசட, கதட’ என்று எழுதினால் தப்பான மூலைகளைச் சேர்த்ததாகிவிடும்.

படி 3: எந்த விதி செல்லும்?

இரண்டு முக்கோணங்கள் சர்வசமம் என்று சொல்ல ப-ப-ப, ப-கோ-ப, கோ-ப-கோ மூன்றும் செல்லும் (ப பக்கம், கோ கோணம்). செங்கோண முக்கோணமானால் கர்ணமும் (செங்கோணத்துக்கு எதிர்ப்பக்கம்) இன்னொரு பக்கமும் போதும். மூன்று கோணமும் சமம் என்றால் வடிவம்தான் ஒன்று, அளவு வேறாக இருக்கலாம்.

வழுக்கிவிடுவது ப-ப-கோ, அதாவது கோணம் இரு பக்கங்களுக்கு இடையில் இல்லாதபோது. வரைந்தே பாருங்கள். நீளமான ஓர் அடிக்கோடு போட்டு, அதன் இடது முனையில் 30 பாகைக் கோணத்தில் 8 செ.மீ. கோடு ஏற்றுங்கள். அதன் உச்சியில் கவராயத்தை ஊன்றி 5 செ.மீ. ஆரத்தில் வில் வரையுங்கள். வில் அடிக்கோட்டை இரண்டு இடத்தில் வெட்டும்: இடது முனையிலிருந்து ஏறக்குறைய 3.9 செ.மீ. தூரத்தில் ஒன்று, 9.9 செ.மீ. தூரத்தில் இன்னொன்று. இரண்டு முக்கோணத்துக்கும் அதே 8, அதே 5, அதே 30 பாகை. இரண்டையும் தனித்தனித் தாளில் வரைந்து வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள்.