டோர்பிடோ பட்டும் வெடிக்கவில்லையா? சைலன்ட் ஹன்டர் 4 தொடங்குபவர்களுக்கு

குறி சரி, தூரம் சரி. சரக்குக் கப்பலின் நடு வயிற்றில் 'டங்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்கிறது, வெடிப்பில்லை. உடனே சைலன்ட் ஹன்டர் 4 என்ற இந்த நீர்மூழ்கிப் போர்க் கணினி விளையாட்டை அழித்துவிட்டு மறுபடி நிறுவ வேண்டாம். அமெரிக்க நீர்மூழ்கிகளின் மார்க் 14 டோர்பிடோ 1941 டிசம்பரிலிருந்து 1943 செப்டெம்பர் வரை உண்மையிலேயே இப்படித்தான் ஏமாற்றியது. அதில் ஆழம், காந்தம், ஊசி (மோதியதும் வெடிப்பைத் தூண்டும் முள்) என்று மூன்று கோளாறுகள் ஒன்றன் பின்னால் ஒன்று ஒளிந்திருந்தன. முதலாவதைத் திருத்திய பிறகே இரண்டாவது வெளியே தெரிந்தது. அதனால் விளையாட்டிலும் அதே வரிசையில் போவதுதான் புத்தி. மூன்றையும் ஒரேயடியாக மாற்றினால் எது வேலை செய்தது என்பதே தெரியாமல் போகும்.

நிறுவுவது, படகைத் தேர்ந்தெடுப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்றே எடுத்துக்கொள்கிறேன். யதார்த்த அமைப்புகளில் 'பழுது டோர்பிடோ இல்லை' என்ற தெரிவில் உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். குறிபார்த்தலையும் கைமுறைக்கு மாற்றுங்கள். தானியங்கிக் குறியில் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. இன்னொன்று, எதிரிக் கப்பல் பக்கத்தில் நிற்கும்போதோ நீருக்கடியில் இருக்கும்போதோ சேமிக்காதீர்கள், அந்தக் கோப்பு பிறகு சரியாகத் திறக்காது. திருமலையில் (திருகோணமலையில்) கரண்ட் போகும் நேரமெல்லாம் நமக்குத் தெரிந்ததுதானே. மேசைக் கணினி என்றால் யூபிஎஸ் இல்லாமல் தாக்குதலைத் தொடங்க வேண்டாம்.

முதலில் ஆழம்

1942 ஜூனில் அமெரிக்க அட்மிரல் லொக்வுட் அவுஸ்திரேலியாவின் அல்பனியில் கடலுக்குள் வலையைக் கட்டி அதற்குள் டோர்பிடோக்களைச் சுட்டுப் பார்த்தார். 10 அடிக்கு அமைத்த முதலாவது 25 அடியில் வலையைக் கிழித்துக்கொண்டு போனது. சராசரியாக 11 அடி அதிக ஆழத்தில் ஓடின. பரிசோதனையில் பயன்பட்ட தலை, போரில் போகும் வெடிதலையைவிட இலேசானது என்பது ஒரு காரணம். ஆழத்தை உணரும் கருவி வால் குறுகும் இடத்தில் இருந்தது மற்றக் காரணம். ஓடும்போது அங்கே நீரழுத்தம் குறையும், டோர்பிடோ தான் மேலே இருப்பதாக நினைத்து இன்னும் கீழே இறங்கும்.

ஆகவே இலக்கின் மிதப்பாழத்தை (கப்பல் நீருக்குள் இறங்கியிருக்கும் அளவை) அடையாளக் கையேட்டில் பாருங்கள். 25 அடி மிதப்பாழமுள்ள கப்பலில் 15 அடிக்குக் கிட்ட அடிக்க வேண்டுமானால் அமைப்பு 5 அடி. அதற்கும் மேலே தூக்காதீர்கள். காற்று பலமாக இருந்தால் டோர்பிடோ அலையை உடைத்து வெளியே குதிக்கும். அப்படியான நாளில் சுடாமல் பின்தொடர்வதே மேல்.

பிறகு காந்தம்

இதில் அதிக பேச்சில்லை. 'தொடுகை மட்டும்' (மோதினால் மட்டும் வெடிப்பது) என்று அமைத்துவிடுங்கள். மார்க் 6 காந்த வெடிப்பான் கப்பலின் அடியில் போகும்போது அதன் காந்தப்புலத்தை உணர்ந்து முதுகெலும்பை முறிக்க வேண்டும் என்பதே திட்டம். ஆனால் பூமியின் புலம் இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்காவின் நியூபோர்ட்டில் சரிபார்த்த கருவி நிலநடுக்கோட்டுப் பக்கம் வந்ததும் குழம்பியது. அமெரிக்கப் பசிபிக் கடற்படைத் தளபதி நிமிட்ஸ் 1943 ஜூன் 24 அன்று அதை முடக்கச் சொன்னார். பிரித்தானியருக்கும் இதே பாடம்தான். 1941 மே 26 அன்று ஆர்க் றோயல் என்ற விமானந்தாங்கிக் கப்பலின் விமானங்கள், ஜேர்மன் போர்க்கப்பல் பிஸ்மார்க் என்று நினைத்துத் தங்கள் குரூசர் ஷெஃபீல்ட் மீதே டோர்பிடோ போட்டன. காந்த வெடிப்பான்கள் தண்ணீரில் விழுந்ததுமே வெடித்ததால் ஷெஃபீல்ட் தப்பியது. தொடுகை வெடிப்பானுக்கு மாற்றிக்கொண்டு அன்று மாலையே போய் பிஸ்மார்க்கின் சுக்கானை முடக்கினார்கள். பழுது உதவி செய்த சந்தர்ப்பம் இதைவிட வேறொன்று எனக்குத் தெரியாது.

இனி ஊசி: எல்லோரும் சறுக்கும் இடம்

செங்குத்தாக, 90 பாகையில் அடிப்பதுதான் சிறந்த சூடு என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்லும். மார்க் 14க்கு அது மிக மோசமான சூடு. 1943 ஜூலை 24 அன்று ட்ரூக் தீவுக்கு மேற்கே டினோசா என்ற நீர்மூழ்கி, 19,000 தொன் டோனான் மாரு 3ஐ நிறுத்திவிட்டது. பிறகு 875 யார் (சுமார் 800 மீற்றர்) தூரத்தில் நின்று, அசையாத இலக்கை நேர் செங்குத்தாக ஒவ்வொன்றாகச் சுட்டது. பட்டவை வெடிக்கவேயில்லை. கப்டன் டஸ்பிட் 15ஐச் சுட்டுவிட்டு, கடைசி ஒன்றைப் பரிசோதிக்கட்டும் என்று திருப்பிக் கொண்டுபோனார். ஹவாயில் 90 அடி உயரத்திலிருந்து இரும்புத் தகட்டின் மேல் போட்டுப் பார்த்தபோது பத்தில் ஏழு வெடிப்பான்கள் இயங்கவில்லை. பழைய, மெதுவான டோர்பிடோவுக்கு வடிவமைத்த ஊசி அது. 46 நொட் (மணிக்கு 46 கடல் மைல்) வேகத்தில் நேராக மோதியதும் வழிகாட்டிக் கம்பியோடு உராய்ந்து, திரியை அடிக்க முதலே நின்றுவிட்டது. சாய்வாகப் பட்டபோது பழுது பாதியாகக் குறைந்தது.

எனவே 45 பாகையில் மோத வையுங்கள். 10 நொட்டில் போகும் கப்பலுக்கும் 46 நொட் வேகத்துக்கும் கணக்கு இதுதான்.

உங்கள் படகின் முனை எதிரியின் பாதையை 45 பாகையில் வெட்ட வேண்டும், அவன் வரும் பக்கம் சாய்ந்தபடி. முனைக்கோணம் (எதிரிக் கப்பலின் முனைக்கும் அங்கிருந்து நீங்கள் தெரியும் திசைக்கும் இடையிலான கோணம்) 37 பாகை, வேகம் 10 என்று டோர்பிடோக் கணிப்பானில் போடுங்கள். வலப்பக்கமிருந்து வந்தால் இடது முனைக்கோணம், பெரிஸ்கோப் 8 பாகையில். இடப்பக்கமிருந்து வந்தால் வலது முனைக்கோணம், பெரிஸ்கோப் 352இல். இப்போது ஜைரோ கோணம் (குழாயைவிட்டு வெளியேறியபின் டோர்பிடோ திரும்பும் கோணம்) பூச்சியத்துக்குக் கிட்ட வர வேண்டும். வராவிட்டால் ஏதோ ஓர் எண் பிழை, சுடாதீர்கள். பரவல் கோணத்தை (டோர்பிடோக்களை விசிறிபோல் விலக்கும் கோணத்தை) பூச்சியமாக்கிவிட்டு, கப்பலின் முனை, புகைபோக்கி, பின்பகுதி மூன்றும் பெரிஸ்கோப்பின் நடுக்கோட்டைத் தாண்டும்போது ஒவ்வொன்று சுடுங்கள். தூரம் 800 முதல் 1,500 யார். 500க்குள் போனால் வெடிப்பான் ஆயத்தமாக நேரம் போதாது.

மெதுவான 31 நொட் அமைப்பை வைத்தால் மோதல் மென்மையாகி ஊசி பிழைக்கும். அப்போது முனைக்கோணம் 34.5, பெரிஸ்கோப் 10.5 அல்லது 349.5. காவல் கப்பல் இல்லாத தனிச் சரக்குக் கப்பலுக்கு என் தெரிவு இதுதான்.

முனைக்கோணத்தைக் கண்ணால் மதிப்பிடப் பழகக் கோணேசர் மலையைவிட நல்ல இடமில்லை. பிறீமா மாவாலைக்குக் கோதுமை கொண்டுவரும் கப்பல் துறைமுக வாயை நோக்கித் திரும்பும்வரை பாருங்கள். முனைப் பக்கமும் பின்பக்கமும் எவ்வளவு நீளமாகத் தெரிகின்றன என்று மனதில் குறித்தால் 30, 45, 60 எல்லாம் சில நாளில் பிடிபடும்.

சுட்ட பிறகு நின்று பார்க்காதீர்கள்

நிலையான பெரிஸ்கோப் கோணத்தில் இலக்கு வந்து சேரும்வரை காத்திருக்கும் மேற்சொன்ன முறையை விளையாடுபவர்கள் ஓ'கேன் முறை என்பார்கள். அந்த ரிச்சர்ட் ஓ'கேன் தலைமை தாங்கிய டாங் என்ற அமெரிக்க நீர்மூழ்கியை 1944 ஒக்டோபர் 25 அதிகாலை தாய்வான் நீரிணையில் மூழ்கடித்தது அதே படகு சுட்ட கடைசி டோர்பிடோ. மார்க் 18 மின் டோர்பிடோ அது. இடப்பக்கம் வளைந்து திரும்பி வந்து படகின் பின்பகுதியில் மோதியது. ஒன்பது பேர் மட்டும் தப்பினர். அதே ஆண்டு மார்ச்சில் டுலிபீ நீர்மூழ்கியும் இப்படித்தான் போனது, பிழைத்தவர் ஒருவர்.

வட்டமடிப்பு எல்லாப் பதிப்பிலும் வராது, சில மொட்களில் (ரசிகர்கள் செய்த மாற்றங்களில்) அடிக்கடி வரும். கடைசிக் குழாய் சுட்டதும் 100 அடிக்குக் கீழே இறங்கி, பாதையை மாற்றுங்கள். நீரொலி கேட்பவரின் இடத்துக்குப் போய்க் கேளுங்கள். டோர்பிடோ சத்தம் ஒரே திசையில் தேய வேண்டும். திசை சுற்றிக்கொண்டே போனால் அது திரும்பி வருகிறது.

பின்சேர்ப்பு: ஜேர்மன் படகுகளுக்கும் இதே 45 பாகையா என்று சிலர் கேட்டார்கள். இல்லை, நேர் எதிர். ஜேர்மன் தொடுகை வெடிப்பான் சாய்வாகப் பட்டால்தான் வழுக்கி ஏமாற்றும், அங்கே 90க்குக் கிட்ட வையுங்கள். ஆழப் பிழை அவர்களிடமும் இருந்தது, காரணம் வேறு. நெடுநேரம் மூழ்கியிருந்தால் படகுக்குள் காற்றழுத்தம் கூடும், அது டோர்பிடோவின் ஆழ அறைக்குள் கசியும். 1942 ஜனவரியில்தான் யு-94 என்ற ஜேர்மன் நீர்மூழ்கி அதைக் கண்டுபிடித்தது.

எங்கள் திருமலைத் துறைமுகத்திலிருந்து போன பிரித்தானியப் படகுகளைப் போல விளையாட விரும்பினால், அவர்களின் மார்க் 8 டோர்பிடோவை ஜைரோ பூச்சியத்தில் வைத்து, படகையே திருப்பி, இடைவெளிவிட்டு வரிசையாகச் சுடுங்கள். டாலி-ஹோ என்ற பிரித்தானிய நீர்மூழ்கி 1944 ஜனவரி 11 அன்று பினாங்குக்கு அப்பால் குமா என்ற ஜப்பானியக் குரூசருக்கு ஏழு சுட்டது, இரண்டு பட்டன, கப்பல் மூழ்கியது. ஏழுக்கு இரண்டு என்பது குறைவாகத் தெரியலாம். வேகத்தை ஒரு நொட் பிழையாக மதிப்பிட்டாலும் ஏதாவது ஒன்று படட்டும் என்றுதான் அத்தனை சுடுவார்கள்.