நீலகிரியிலிருந்து அமெரிக்கா வந்த பல் மருத்துவர்களுக்கு: ரெசிடென்சி எங்கே தேவை, எங்கே தேவையில்லை

கோத்தகிரியில் போர்டு மாட்டி ஐந்து வருஷம் பிராக்டிஸ் செய்திருந்தாலும், இங்கே வந்து இறங்கிய அன்று உங்கள் கையில் லைசென்ஸ் இல்லை. அமெரிக்கா முழுமைக்குமாக ஒரே பல் மருத்துவ லைசென்ஸ் கிடையாது, ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகத்தான் கொடுக்கிறது. அதனால் “என்ன பரீட்சை எழுதணும்?” என்று கேட்பதற்கு முன்னால் “எந்த மாநிலத்தில் இருக்கப் போகிறோம்?” என்று வீட்டில் பேசி முடித்துவிடுங்கள்.

எந்த மாநிலமானாலும் பட்டம், எழுத்துத் தேர்வு, கைத்திறன் என்ற மூன்றைப் பார்ப்பார்கள். கைத்திறனுக்குப் பெரும்பாலான மாநிலங்களில் அடெக்ஸ் போன்ற செய்முறைத் தேர்வு போதும், ரெசிடென்சி (பட்டத்துக்குப் பிறகு மேற்பார்வையில் செய்யும் பயிற்சி) கட்டாயமில்லை. நியூயார்க் வேறு மாதிரி. 2007 ஜனவரி 1 முதல் அங்கே செய்முறைத் தேர்வை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் குறைந்தது ஒரு வருஷ ரெசிடென்சியை வைத்துவிட்டார்கள். டெலவேரிலும் ஒரு வருஷ ரெசிடென்சி கேட்பார்கள்.

இதைக் கேட்டதும் “ஒரு வருஷம் ரெசிடென்சி முடித்தால் நியூயார்க் லைசென்ஸ்” என்று வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் போட்டுவிடுவார். அது பாதி உண்மை. ரெசிடென்சி செய்முறைத் தேர்வுக்குத்தான் ஈடு, பட்டத்துக்கு அல்ல. நம் பி.டி.எஸ். இங்குள்ள கோடா என்ற அங்கீகார அமைப்பின் கீழ் வராது. ஆகவே பெரும்பாலோர் போகும் வழி அட்வான்ஸ்டு ஸ்டாண்டிங். கேப்பிட் என்ற பொது விண்ணப்பம் வழியாக ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 2 முதல் 3 வருஷம் படித்து, டி.டி.எஸ். அல்லது டி.எம்.டி. என்ற இங்குள்ள பட்டத்தை வாங்குவது. செலவு அதிகம்தான், ஆனால் பிறகு அந்தப் பட்டம் எந்த மாநிலத்திலும் செல்லும். இரண்டு வருஷ ரெசிடென்சியைப் பட்டத்துக்கு ஈடாக ஏற்கும் மாநிலங்களும் சில உண்டு. விதி மாறிக்கொண்டே இருப்பதால், அந்த மாநிலப் பல் மருத்துவ போர்டின் இணையப் பக்கத்தை நீங்களே படியுங்கள்.

பொதுப் பல் மருத்துவ ரெசிடென்சி இரண்டு வகை. ஜி.பி.ஆர். ஆஸ்பத்திரியில் நடக்கும்: மயக்க மருந்துப் பிரிவு, பொது மருத்துவப் பிரிவு, ராத்திரி அழைப்பு டியூட்டி எல்லாம் உண்டு. ஏ.இ.ஜி.டி. பெரும்பாலும் கிளினிக் வேலை. எதுவானாலும் கோடா அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்சர்வர்ஷிப், எக்ஸ்டர்ன்ஷிப் என்று கூட இருந்து பார்த்துப் பழகுவதற்காக எத்தனை மாதம் நின்றாலும் இந்தக் கணக்கில் ஒரு நாள்கூட ஏறாது. விண்ணப்பம் பாஸ் என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாக, இடம் ஒதுக்குவது இரு தரப்பின் விருப்பப் பட்டியலையும் பொருத்திப் பார்க்கும் மேட்ச் வழியாக. இரண்டிலும் சேராத இடங்களுக்கு நேரடியாக எழுத வேண்டும். மேட்ச்சில் வந்த இடம் இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். போக மனமில்லாத இடத்தை உங்கள் விருப்பப் பட்டியலில் எழுதாதீர்கள்.

கணவன் அல்லது மனைவியோடு எச்-4 விசாவில் வந்தவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த விசாவில் படிக்கலாம், வேலை அனுமதி அட்டை இல்லாமல் சம்பளம் வாங்கக் கூடாது. அட்வான்ஸ்டு ஸ்டாண்டிங் படிப்பு. ரெசிடென்சி பெரும்பாலும் சம்பள வேலை.

எழுத்துத் தேர்வு ஐ.என்.பி.டி.இ. இரண்டு நாள், முதல் நாள் 360 கேள்வி, மறுநாள் 140. 75 வந்தால் பாஸ். ஐந்து வருஷம், ஐந்து முயற்சி, இதில் எது முதலில் முடிகிறதோ அதற்குள் தேறிவிட வேண்டும். சும்மா எழுதிப் பார்ப்போம் என்று போக வேண்டாம்.

ஆட்கள் உண்மையில் சிக்கிக்கொள்வது காகிதத்தில்தான். பட்டத்தை ஈ.சி.ஈ. என்ற மதிப்பீட்டு நிறுவனம் மதிப்பிட வேண்டும், அதற்கு டிரான்ஸ்கிரிப்ட் பல்கலைக்கழகத்திலிருந்தே போக வேண்டும். எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் என்றால் சென்னை கிண்டி. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் அவரவர் அலுவலகம். வீட்டில் யாராவது நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி நேரில் போவதானால், உங்கள் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதத்தையும் பாஸ்போர்ட் நகலையும் கொடுத்தனுப்புங்கள். ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர் ரோட்டில் மண் சரிந்தால் ஒரு நாள் போய்விடும், அதற்கும் இடம் விட்டுத் தேதி போடுங்கள். போனில் பேசுவதென்றால், கோடையில் நியூயார்க்கில் ராத்திரி 12.30 ஆகும்போதுதான் கிண்டியில் காலை 10.

மலை வீட்டு பீரோவில் வைத்த சான்றிதழில் ஆடி மழைக்குள் பூஞ்சணம் பிடிக்கும். அதற்குப் பயந்து லேமினேட் செய்தால் பின்பக்கத்தில் அட்டெஸ்டேஷன் முத்திரை போட முடியாது. ஜிப் கவரில் சிலிக்கா பொட்டலத்தோடு வைக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது இனிஷியல். சான்றிதழில் “போ. கார்த்திக்”, பாஸ்போர்ட்டில் “கார்த்திக் போஜன்” என்று இருந்தால் இங்கே இருவேறு ஆட்கள். டென்ட்பின் (பல் மருத்துவ விண்ணப்பங்களுக்கும் தேர்வுக்குமான அடையாள எண்) பதிவு, ஈ.சி.ஈ., தேர்வு மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் கொடுங்கள். தேர்வு மையத்து வாசலில் அடையாள அட்டையோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பார்ப்பார்கள். தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சில் பதிவையும் காலாவதியாக விடாதீர்கள், உங்கள் மீது நடவடிக்கை எதுவும் இல்லை என்று காட்டும் குட் ஸ்டாண்டிங் சான்று அதை வைத்துத்தான் கிடைக்கும்.

கடைசியாக, பல் எண். நாம் படித்தது எஃப்.டி.ஐ. முறை (முதல் இலக்கம் வாயின் எந்தக் கால்பகுதி, இரண்டாவது அதில் எத்தனையாவது பல்), இங்கே 1 முதல் 32 வரை நேர் வரிசை. மேல் வலது ஞானப்பல் 1, மேல் இடது ஞானப்பல் 16, கீழ் இடது 17, கீழ் வலது 32. நம் 36 இங்கே 19, நம் 46 இங்கே 30. இவற்றால் ஆபத்தில்லை, எஃப்.டி.ஐ.யில் 19-ம் 30-ம் கிடையாது, கேட்டதும் மூளை உஷாராகிவிடும். ஆபத்து 14-ல் இருக்கிறது. நமக்கு அது மேல் வலது முன்கடைவாய்ப்பல், இங்கே மேல் இடது முதல் கடைவாய்ப்பல். பக்கமே மாறிவிடுகிறது. 18-ம் 28-ம் அப்படித்தான். ரெசிடென்சி தொடங்கி முதல் சில மாதம், ஊசி போடுமுன் எண்ணோடு பல்லின் பெயரையும் பக்கத்தையும் வாய்விட்டுச் சொல்லி, எக்ஸ்ரேயோடு ஒத்துப்பாருங்கள்.