கோடு போடாமல் ஓர் உருவம்: கோல்ஸ் பிலிப்ஸ் பாணியில் முதல் படம் வரைவது எப்படி?

ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் உடையும் பின்னணியும் ஒரே நிறம். உடை எங்கே முடிகிறது என்று காட்ட ஒரு கோடுகூடக் கிடையாது. ஆனாலும் அவள் தோளும் இடுப்பும் மடக்கிய முழங்காலும் நம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகின்றன. நூறு வருடங்களுக்கு முன்பு அமெரிக்கப் பத்திரிகை அட்டைகளில் வந்த இந்தப் படங்களுக்கு ‘ஃபேட்அவே கேர்ள்’, அதாவது மங்கி மறையும் பெண், என்று பெயர். அவற்றைப் புகழ்பெறச் செய்தவர் கோல்ஸ் பிலிப்ஸ்.

1880-இல் ஒஹாயோ மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் பிறந்தவர். நியூயார்க் வந்து ஓவியப் பள்ளியில் படித்தது சில மாதங்கள்தான். சொந்தமாக ஒரு விளம்பர நிறுவனம் நடத்தினார். பின்னாளில் பெரிய ஓவியரான எட்வர்ட் ஹாப்பர் கொஞ்ச காலம் அங்கே வேலை பார்த்திருக்கிறார். 1907-இல் பிலிப்ஸ் ‘லைஃப்’ இதழில் சேர்ந்தார். 1936-இல் புகைப்பட இதழாக மாறிய லைஃப்தான், ஆனால் அப்போது அது நகைச்சுவை வார இதழ். அதன் அட்டையில் 1908 மே மாதம் முதல் ஃபேட்அவே படம் வந்தது.

இந்தப் பாணியை ஆரம்பத்திலேயே பழகிவிடுங்கள் என்று என்னிடம் வரைய வருகிறவர்களிடம் சொல்வேன். படத்தில் இல்லாத ஒவ்வொரு கோட்டையும் நாம் முதலில் வரைந்திருக்க வேண்டும். அதனால் உருவம் வரைவதில் நாம் எங்கே ஏமாற்றுகிறோம் என்பதை இது உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

தேவையானவை: கார்ட்ரிட்ஜ் பேப்பர் (வரைவதற்கான கெட்டித் தாள்), டிரேசிங் பேப்பர் இரண்டு தாள், எச்பி பென்சில், போஸ்டர் கலர், ஒரு தட்டை பிரஷ், ஒரு மெல்லிய பிரஷ். பிலிப்ஸ் வாட்டர் கலரில் வரைந்தவர். ஆனால் சீரான ஒரே நிறப் பரப்பு முதல் முயற்சியிலேயே கிடைக்கப் போஸ்டர் கலர்தான் சுலபம்.

படி 1: ஆளை உட்கார வையுங்கள்

போனில் இருக்கும் போட்டோவைப் பார்த்து வரைய வேண்டாம். பிலிப்ஸ் நேரில் ஆளை வைத்து வரைந்தவர். அவர் மனைவி தெரசா ஹைட் பல படங்களுக்கு மாடலாக இருந்திருக்கிறார். வீட்டில் யாரையாவது ஜன்னல் ஓரம் இருபது நிமிஷம் உட்காரச் சொல்லுங்கள். நிற்பதைவிட உட்கார்ந்திருப்பது நல்லது. கை, மடி, கால் எல்லாம் ஒன்றையொன்று குறுக்கிடும். அந்தக் குறுக்கீடுகள்தான் பின்னால் நமக்குக் கைகொடுக்கும்.

படி 2: முழுப் படத்தையும் வரையுங்கள்

டிரேசிங் பேப்பரில் எல்லாக் கோடுகளையும் போடுங்கள். ‘இது எப்படியும் மறையப் போகிறதே’ என்று முதுகையோ முழங்காலையோ அரைகுறையாக விட்டால் படம் அங்கேயே கெட்டுவிடும். நான் முதலில் செய்த தப்பு இதுதான். அரக்குப் புடவையில் அத்தை பேப்பர் படிக்கிற மாதிரி ஒரு படம். புடவைக்குள் முழங்கால் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் குத்துமதிப்பாக வைத்தேன். வண்ணம் தீட்டி முடித்ததும் அத்தையின் பாதம் தனியாக, யாருடையதோ மாதிரி தரையில் கிடந்தது.

படி 3: ஆணி அடிக்கும் இடங்கள்

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். கோட்டை எடுத்த பிறகும் உருவத்தைப் பிடித்துவைக்கும் இடங்களைத் தேடுங்கள். ஒன்று, தோலும் துணியும் சந்திக்கும் இடம்: கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால். இரண்டு, வேறு நிறப் பொருள் ஒன்று உடையின் ஓரத்தில் வந்து மோதும் இடம். நாற்காலியின் கை அத்தையின் இடுப்பில் மறைகிறது என்றால், அது மறையும் புள்ளியே இடுப்பின் விளிம்பு. மடியில் விரித்த செய்தித்தாளின் கீழ் ஓரம் தொடை எவ்வளவு சரிந்திருக்கிறது என்று சொல்லிவிடும். மூன்று, துணியின் மேல் இருக்கும் வடிவங்கள். கட்டமோ புள்ளியோ போட்ட துணியில் அந்த வடிவம் எங்கே நிற்கிறதோ அங்கே உடம்பு முடிகிறது. புடவைக் கரை இதற்கென்றே நெய்தது போல இருக்கும். தோளிலிருந்து இறங்கி, இடுப்பைச் சுற்றி, கணுக்காலில் முடிகிற ஒற்றைச் சரிகைக் கோடு முழு உருவத்தையும் சொல்லிவிடும்.

படி 4: சோதனை

இரண்டாவது டிரேசிங் தாளில் முகம், கை, கால், இந்த ஆணிகள், இவற்றை மட்டும் எடுத்து எழுதுங்கள். படத்தைப் பார்க்காத ஒருவரிடம் காட்டி, “முழங்கால் எங்கே, விரல் வைத்துக் காட்டுங்க” என்று கேளுங்கள். விரல் தடுமாறினால் அங்கே இன்னும் ஓர் ஆணி வேண்டும்.

படி 5: ஒரே நிறம், ஒரே மூச்சு

இரண்டாவது தாளில் உள்ளதை மட்டும் கார்ட்ரிட்ஜ் பேப்பருக்கு மாற்றுங்கள். வண்ணத்தை முழுப் படத்துக்கும் போதுமான அளவு ஒரே தடவையில் கலக்குங்கள். போஸ்டர் கலர் காய்ந்ததும் நிறம் கொஞ்சம் மாறும். பாதியில் தீர்ந்துபோய் மறுபடி கலந்தால் அதே நிறம் வராது, இல்லாத விளிம்பு ஒன்று படத்தில் வந்துவிடும். உடை, பின்னணி என்று பிரிக்காமல் பிரஷ்ஷை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாண்டி இழுங்கள். முகம், கை, கால், செய்தித்தாள், நாற்காலி, கரை, இவை மட்டும் வெள்ளையாக மிஞ்சட்டும்.

படி 6: மிஞ்சிய இடங்கள்

முகத்தையும் கையையும் உங்களால் முடிந்தவரை கவனமாக முடியுங்கள். பார்க்கிறவர் கண் முதலில் அங்கேதான் போகும். துணி மடிப்புக்கு அதே நிறத்தில் கொஞ்சம் கருப்புச் சேர்த்து முழங்கையின் உள்பக்கம், மடி என்று மூன்று நான்கு தீற்றல் போதும். தோள் சரியாகத் தெரியவில்லையே என்று அவுட்லைன் போடக் கை அரிக்கும். போடாதீர்கள். அங்கே கரையை இன்னும் ஒரு விரற்கடை நீட்டுங்கள்.

பிலிப்ஸ் இந்த ஒரே உத்தியை வைத்து ‘குட் ஹவுஸ்கீப்பிங்’ அட்டைகள், ஹோல்ப்ரூஃப் காலுறை, கம்யூனிட்டி பிளேட் கரண்டி விளம்பரங்கள் என்று விதவிதமாக வரைந்தார். காலுறை விளம்பரங்களைத் தேடிப் பாருங்கள். விற்க வேண்டிய பொருளே அங்கே ஆணியாகியிருக்கும். சிறுநீரக நோயால் 1927-இல் இறந்தபோது அவருக்கு 46 வயது.

முதல் படம் காய்ந்ததும் எதிர்ச் சுவரில் ஒட்டிவிட்டு, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். முழங்கால் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால், அடுத்ததற்குக் கரை இல்லாத வெறும் புடவையை எடுத்துக்கொள்ளுங்கள்.